பயிற்சியில் ஓடித் தீர்த்த ஓட்டம்

ஹல்துமுல்லையில் சமதரை என்று சொல்லக்கூடிய இடம் குறைவு. ஒன்று பெரகலைப் பக்கம் ஏற வேண்டும், இல்லாவிட்டால் பெலிஹுல்ஓயாப் பக்கம் இறங்க வேண்டும். எங்கள் கடைக்குக் கொஞ்சம் தள்ளி, பிரதான வீதியில் இரண்டு மதகுகளுக்கு நடுவில் மட்டும் வீதி ஓரளவு மட்டமாகக் கிடக்கிறது. வாப்பா மோட்டார் சைக்கிளில் போய் அதை அளந்தார். மீற்றரில் கடைசி இலக்கம் நான்கு தடவை மாறியது. 400 மீற்றர். போன வருடம் ஆகஸ்ட் விடுமுறையில் சுபஹ் தொழுதுவிட்டு, பனிமூட்டம் கலைய முன்னர், அந்த 400 மீற்றரில் நான் ஓடத் தொடங்கினேன். ஆறு கிழமை கழித்து என் வலது காலின் முன்னெலும்பு வெடித்தது. எங்கும் விழவில்லை, யாரும் இடிக்கவில்லை. ஓடியே உடைத்துக்கொண்டேன்.

அப்போது விடுதியில் என் அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது. கென்யாவின் மரதன் வீரர்கள் ஒரு கிழமையில் என்னென்ன ஓடுகிறார்கள் என்ற அட்டவணை. செவ்வாய்க்கிழமை மைதானத்தில் வேகப் பயிற்சி. வியாழக்கிழமை நீண்ட ஓட்டம். சனிக்கிழமை வேகமும் மெதுவுமாக மாறிமாறி ஓடுவது. மற்ற நாட்களுக்கு நேரே ‘இலேசான ஓட்டம்’ என்று மட்டும் இருந்தது. அந்த வரிகளை என் கண் தாண்டிப் போய்விட்டது. செவ்வாய்க்கிழமையைப் பிடித்துக்கொண்டேன். உலகத்திலேயே நன்றாக ஓடுகிறவர்கள் கிழமையில் ஒரு நாள் அப்படி ஓடினால், நான் நான்கு நாள் ஓடினால் என்ன என்று நினைத்தேன்.

நான் ஓடுவது மரதன் அல்ல, 3,000 மீற்றர். எங்கள் ஊரில் ஐந்து கிலோமீற்றர் ஓடினாலும் அதற்குப் பெயர் மரதன்தான். உண்மையான மரதன் 42.195 கிலோமீற்றர் என்று உம்மாவுக்கு எத்தனை தடவை சொன்னாலும், “பேரு என்னவா இருந்தா என்ன, மூச்சு வாங்கிறது ஒன்டுதானே” என்பார். 2024 மார்ச்சில் கிழக்கில் பாடசாலை மரதன் ஓட்டத்தில் ஓடிய 16 வயது மாணவன் ஒருவன் உயிரிழந்த செய்தி வந்த நாளிலிருந்து அந்தச் சொல்லே உம்மாவுக்கு ஆகாது. அதோடு வயதுக்கு வந்த பிள்ளை காலையில் வீதியில் ஓடினால் ஊர் என்ன சொல்லும் என்ற கவலையும் இருந்தது. கடைசியில் இரண்டு நிபந்தனைகளில் விட்டார். வாப்பா பின்னால் வர வேண்டும். “ஓடுறத்துக்கு நான் வாணாம்னு செல்லல்ல மகள். படிப்பு கொறஞ்சா, காலுக்கு ஒன்டு வந்தா, அன்டைக்கே ஓட்டம் நிக்கும்.”

அதனால் காலுக்கு ஒன்று வந்தபோது நான் உம்மாவிடம் சொல்லவில்லை.

என்னிடம் ஒரு கொப்பி இருந்தது. ஒவ்வொரு நாளும் பன்னிரண்டு தடவை அந்த 400 மீற்றரை ஓடி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை வினாடி என்று அதில் எழுதினேன். முதல் கிழமை 96. பிறகு 93. விடுமுறை முடிந்து விடுதி மைதானத்துக்குத் திரும்பியபோது 89. நேற்றையதை விட இன்று ஒரு வினாடியாவது குறைய வேண்டும் என்பது நானே போட்டுக்கொண்ட சட்டம். குறையாத நாளில் பதின்மூன்றாவது தடவையும் ஓடினேன். உடம்பு இலேசாக இருந்தால் வேகம் கூடும் என்று இரவுச் சோற்றைக் குறைத்தேன். ஆறாவது கிழமை ஒரு நாள் 84 வந்தது. அன்று கொப்பியில் அந்த எண்ணைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டேன். அன்றிரவு படி ஏறும்போது முழங்காலுக்குக் கீழே ஒரு விரலளவு இடத்தில் ஊசி குத்தியதுபோல் இருந்தது.

மாகாண மட்டப் போட்டியில் முதல் கிலோமீற்றரை 3 நிமிடம் 30 வினாடியில் ஓடினேன். கணக்குப் பார்த்தால் அது ஒரு சுற்றுக்குச் சரியாக 84 வினாடி. ஏழரைச் சுற்றில் ஐந்து சுற்றுத்தான் போனது. அதற்கு மேல் வலது காலை நிலத்தில் வைக்க முடியவில்லை. புல்லில் உட்கார்ந்திருந்த என்னைத் தாண்டி எல்லோரும் போனார்கள். அவர்களில் எங்கள் ஊர்த் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தியும் இருந்தாள். வேறு பாடசாலை. எனக்கு ஒரு வயது இளையவள். வெள்ளைக் கன்வஸ் சப்பாத்தோடு, தலையை ஆட்டாமல், முதல் சுற்றை எப்படி ஓடினாளோ அப்படியே கடைசிச் சுற்றையும் ஓடி மூன்றாவதாக வந்தாள். அவளுக்கு ஸ்டொப் வொட்ச் இல்லை, அட்டவணை இல்லை, வேகப் பயிற்சி என்ற சொல்லே தெரியாது. மேற்பிரிவு லயத்திலிருந்து பாடசாலைக்குப் போக ஒரு பக்கம் நான்கு கிலோமீற்றர், இறங்கி ஏறி. ஐந்து வயதிலிருந்து அந்த வழியில் நடக்கிறாள். நேரம் போனால் ஓடுகிறாள்.

முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. மூன்று கிழமை கழித்து எடுத்த இரண்டாவதில் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. அதைப் பார்த்த டொக்டர் ஒரு பெண். காலைப் பற்றிக் கேட்கும் முன்னர், என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். அடுத்து, மாதாந்தம் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டார். உம்மா பக்கத்தில் நின்றார். மூன்று மாதமாக இல்லை என்று சொன்னேன். பரீட்சைப் பயத்தில் நின்றிருக்கும், ஓடுகிற பிள்ளைகளுக்கு அப்படித்தான் இருக்கும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்த விஷயம் அது. டொக்டர் ஏசவில்லை. சாப்பாடு போதாமல் உடம்பை வருத்தினால் உடம்பு முதலில் நிறுத்துகிற வேலைகளில் இதுவும் ஒன்று என்றும், அதோடு சேர்ந்து எலும்பும் பலம் குறையும் என்றும் விளங்கப்படுத்தினார். இதை எழுதலாமா என்று நிறைய யோசித்தேன். எங்கள் கல்லூரியில் ஓடுகிற, வலைப்பந்து விளையாடுகிற தங்கச்சிமார் இருக்கிறார்கள். அவர்களுடைய உம்மாமாரும் இதை வாசிப்பார்கள். அதனால் எழுதுகிறேன்.

ஆறு கிழமை ஓட்டம் இல்லை. காலைத் தலையணையில் தூக்கி வைத்துக்கொண்டு உயிரியல் புத்தகத்தைப் புரட்டினேன். என்பு உயிருள்ளது, எப்போதும் தன்னைப் பழுதுபார்த்துக்கொண்டே இருப்பது என்று போன தவணை பாடமாக்கியிருந்தேன். பழைய பகுதியை ஒரு வகைக் கலங்கள் முதலில் அரித்தெடுக்கும். பிறகு வேறு வகைக் கலங்கள் வந்து புதிதாக நிரப்பும். அரிப்பது சில கிழமைகளில் முடிந்துவிடும். நிரப்புவதற்கு மாதங்கள் எடுக்கும். அந்த இடைவெளியில் என்பு முன்னரை விடப் பலம் குறைந்துதான் இருக்கும். சரியாக அந்தக் கிழமைகளில்தான் நான் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறேன். பரீட்சையில் இந்தக் கேள்வி வந்திருந்தால் முழுப் புள்ளி எடுத்திருப்பேன்!

அப்போதுதான் அலுமாரிக் கடதாசியைப் பற்றி நானாவிடம் கேட்டேன். அவர் பெலிஹுல்ஓயாவில், சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானம் படிக்கிறார். என் கேள்வி கோபத்தில் வந்தது. “அவங்களும் இப்பிடித்தானே ஓடுறாங்க? அவங்களுக்கு ஏன் ஒடயல்ல? அவங்களும் அளவுக்கு மிஞ்சித்தான் ஓடுறாங்களா?”

நானா கொப்பியை வாங்கிப் பார்த்தார். “நீ ஓடினது பயிற்சி இல்ல. கெழமைக்கு நாலு போட்டி” என்றார்.

பிறகு எனக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். எலியுட் கிப்சோகே 2022இல் பேர்லினில் 2 மணி 1 நிமிடம் 9 வினாடியில் மரதன் ஓடி உலக சாதனை வைத்தார். அதை எங்கள் இரண்டு மதகுகளுக்கு நடுவிலுள்ள துண்டாகப் பிரித்தால், ஒவ்வொரு 400 மீற்றரையும் 69 வினாடியில், ஒரு இடத்திலும் நிற்காமல், 105 தடவைக்கு மேல் ஓடியிருக்கிறார். அப்படிப்பட்டவர் பயிற்சியில் எவ்வளவு வேகமாக ஓடுவார் என்று நான் நினைத்தேன்? புலிபோலப் பாய்வார் என்று நினைத்தேன். ஆனால் அவரே பல பேட்டிகளில் சொல்லியிருப்பது வேறு. செவ்வாய், வியாழன், சனி ஆகிய கடுமையான நாட்களில் தன் பலத்தில் 80 வீதம்தான் பாவிப்பாராம். மற்ற நாட்களில் 50 வீதம். நூறு வீதத்தைப் போட்டி நாளுக்கு வைத்திருப்பார். கென்யர்களின் இலேசான ஓட்டத்தைப் பார்க்கப் போகிற வெளிநாட்டவர்கள் முதலில் ஆச்சரியப்படுவது அதன் மெதுவைப் பார்த்துத்தானாம். தொடக்கத்தில் நம்மைப் போன்றவர்களும் கூட ஓடலாம் போலிருக்குமாம்.

இதைக் கேட்டபோது எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. தியத்தலாவை வழியாகப் போகும் பஸ்ஸில் இருந்து, இராணுவ முகாம் பக்கம் காலையில் ஓடும் வீரர்களைப் பல தடவை பார்த்திருக்கிறேன். ஒருவரோடு ஒருவர் பேசிச் சிரித்துக்கொண்டு ஓடுவார்கள். இவ்வளவு பெரிய ஆட்கள் இவ்வளவு மெதுவாக ஓடுகிறார்களே, சோம்பேறிகள் என்று நினைத்திருக்கிறேன். மலையகத்தில் பிறந்த குமார் சண்முகேஸ்வரன் இராணுவத்துக்காக ஓடி, 5,000, 10,000 மீற்றர்களில் நாட்டின் முன்னணிக்கு வந்தவர் என்று பத்திரிகையில் வாசித்தபோது கைதட்டிய நான், பஸ் யன்னலால் பார்த்த அந்த மெதுவான ஓட்டத்தை அதோடு சேர்த்துப் பார்க்கவே இல்லை.

நோர்வேயில் இருக்கும் ஸ்டீபன் சைலர் என்ற ஆய்வாளர் நீண்டதூர ஓட்டக்காரர்கள், படகோட்டிகள், பனிச்சறுக்கு வீரர்கள் என்று பலருடைய பயிற்சிக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தவர். உலகத் தரத்தில் உள்ளவர்களின் பயிற்சியில் ஏறத்தாழ 80 வீதம் இலேசானதாகவும், எஞ்சிய பகுதிதான் கடுமையானதாகவும் இருந்ததை அவர் காட்டினார். யாரும் சொல்லிக்கொடுத்து எல்லோரும் ஒரே மாதிரிச் செய்ததில்லை. வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு விளையாட்டில் பிழைவிட்டுத் திருத்தி அந்த இடத்துக்கு வந்திருக்கிறார்கள். மரதன் ஓடத் தேவையான சக்தியில் மிகப் பெரிய பங்கு காற்றுச் சுவாசத்தில் கிடைக்கிறது. தசைக் கலங்களில் இழைமணிகள் பெருகுவதும், மயிர்த்துளைக் குழாய்கள் கூடுவதும் மெதுவான ஓட்டத்திலும் நடக்கும். மெதுவாக ஓடுவதால் நிறைய ஓடலாம், மறுநாளும் ஓடலாம். வேகப் பயிற்சி அதற்கு மேல் வைக்கும் ஒரு சிட்டிகை உப்பு. நான் சோறே இல்லாமல் உப்பை மட்டும் தின்றிருக்கிறேன்.

ஆனால் நானா சொன்னதோடு என் கேள்வி முடியவில்லை. எல்லா வீரர்களும் கிப்சோகே மாதிரி நிதானமானவர்கள் இல்லையே. செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் சாட்டோபெக் 400 மீற்றரை ஒரே நாளில் பல பத்துத் தடவைகள் ஓடிப் பழகியவர் என்று பெயர் பெற்றவர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000, 10,000 மீற்றர், அதுவரை ஒரு தடவையும் ஓடியிராத மரதன், மூன்றிலும் தங்கம் வென்றார். அவரைக் காட்டி, பார் கடுமையாக ஓடினால்தான் கிடைக்கும் என்று யாரும் சொல்லலாம். நானும் எனக்கே சொல்லிப் பார்த்தேன். பிறகு நினைத்தேன்: சாட்டோபெக் மாதிரி ஓடி, உடைந்து, வீட்டுக்குப் போனவர்கள் எத்தனை பேரோ. அவர்களுடைய பெயர் எந்தப் புத்தகத்திலும் இருக்காது. நாம் பார்ப்பது உடையாதவர்களை மட்டும்தான். மாகாணப் போட்டியின் முடிவுப் பட்டியலிலும் என் பெயர் இல்லை.

கெல்வின் கிப்டும் இன்னும் என் மனதை விட்டுப் போகாதவர். 2023 ஒக்டோபர் 8ஆம் திகதி சிக்காகோவில் 2 மணி 35 வினாடியில் ஓடி கிப்சோகேயின் சாதனையை உடைத்தார். கிழமைக்கு 250 கிலோமீற்றருக்கு மேல் ஓடுவார். அதில் போட்டி வேகத்தில் ஓடும் நீண்ட ஓட்டங்களும் இருந்தன. அவருடைய பயிற்றுவிப்பாளர் ஜெர்வே ஹகிசிமானாவே, இப்படிப் போனால் சில வருடங்களில் உடம்பு முடிந்துவிடும், குறைத்துக்கொள் என்று தான் சொல்லியிருப்பதாகப் பகிரங்கமாகக் கூறினார். அந்த வேகத்தை அவர் உடம்பு எவ்வளவு காலம் தாங்கியிருக்கும் என்பது யாருக்கும் தெரியாமலே போய்விட்டது. 2024 பெப்ரவரியில் கென்யாவில் நடந்த வீதி விபத்தில் கிப்டும் மரணித்தார். பயிற்றுவிப்பாளரும் அதே காரில் மரணித்தார். கிப்டுமுக்கு 24 வயது. பயிற்சியின் கடுமைக்கும் அந்த விபத்துக்கும் தொடர்பில்லை. என்றாலும் உலகத்தில் எல்லோரையும் விட வேகமாக ஓடிய ஒருவரைப் பற்றி அவருடைய பயிற்றுவிப்பாளரே பயப்பட்டார் என்பதை நான் மறக்கவில்லை.

நமக்குக் கிட்டிய உதாரணம் இந்தியாவில் இருக்கிறது. அவினாஷ் சாப்ளே மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் மண்ட்வா என்ற கிராமத்து விவசாயியின் மகன். சின்ன வயதிலேயே பாடசாலைக்கு ஆறு கிலோமீற்றருக்குக் கிட்ட நடந்தும் ஓடியும் போனவர். பிறகு இராணுவத்தில் சேர்ந்து சியாச்சினில் கடமை செய்தவர். ஓட்டத்துக்கு வந்தபோது நிகொலாய் ஸ்னேசரேவ் என்ற வெளிநாட்டுப் பயிற்றுவிப்பாளரிடம் போனார். ஸ்னேசரேவின் பயிற்சி கடுமைக்குப் பெயர் பெற்றது. அது பிழையான பயிற்சி என்று சொல்லிவிட முடியாது. அவரிடம் பயிற்சி பெற்ற லலிதா பாபர் 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் 3,000 மீற்றர் தடைதாண்டல் இறுதிப் போட்டிவரை போனார். 1984இல் பி.டி. உஷாவுக்குப் பிறகு ஒலிம்பிக் ஓடுபாதையில் இறுதிப் போட்டிக்குப் போன முதல் இந்தியப் பெண் அவர்தான். லலிதாவும் மரதன் ஓடி வந்தவர்தான்.

ஆனால் சாப்ளேக்கு அந்தப் பயிற்சி ஒத்துவரவில்லை. 2018இல் கணுக்காலில் காயப்பட்டு ஆசிய விளையாட்டு விழாவை இழந்தார். இது எனக்கு மிகக் கடுமை என்று சொல்லி விலகி, தன் பழைய இராணுவப் பயிற்றுவிப்பாளர் அம்ரிஷ் குமாரிடம் திரும்பினார். அதே வருடம் புவனேஸ்வரில், 1981இலிருந்து அசையாமல் கிடந்த இந்தியாவின் தடைதாண்டல் சாதனையை உடைத்தார். 2020 நவம்பரில் டெல்லி அரை மரதனை 1 மணி 30 வினாடியில் முடித்தார். 61 நிமிடத்துக்குள் அந்தத் தூரத்தை ஓடிய முதல் இந்தியர். 2022இல் பர்மிங்ஹாம் பொதுநலவாய விளையாட்டு விழாவில் கென்யர் ஒருவருக்கு ஒரு வினாடியில் இருபதில் ஒரு பங்கு பிந்தி வெள்ளி வென்றார்.

ஒரே பயிற்சி ஒருவரை ஒலிம்பிக் இறுதிக்குக் கொண்டுபோகிறது, இன்னொருவரை வீட்டுக்கு அனுப்பப் பார்க்கிறது. ஆகவே ‘பெரிய வீரர்கள் வேகப் பயிற்சியில் அளவுக்கு மிஞ்சி ஓடுகிறார்களா’ என்று கேட்டால், என் பதில் இது: நீண்ட காலம் நிலைத்து நிற்பவர்கள் பெரும்பாலும் அப்படி ஓடுவதில்லை. ஓடுவதாக நமக்குத் தெரிவதற்குக் காரணம், ஃபோனில் நமக்கு வருவதெல்லாம் செவ்வாய்க்கிழமை வீடியோக்கள். புதன்கிழமை மெதுவாக ஓடுவதை யார் எடுத்துப் போடுவார்கள்? அளவு மிஞ்சுவது வேகத்தால் மட்டும் வருவதில்லை. நேற்றைய நேரத்தை இன்று வென்றே ஆக வேண்டும் என்று பயிற்சிக்குள் ஒரு போட்டியை நாமே ஒளித்து வைக்கும்போது வருகிறது. என் 84 வினாடி அப்படி வந்ததுதான். மாகாணப் போட்டியில் ஓட வேண்டியதை நான் மூன்று நாள் முந்தியே, பார்க்க யாருமில்லாத விடுதி மைதானத்தில் ஓடி முடித்துவிட்டேன்.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிபான் ஹசன் எத்தியோப்பியாவில் பிறந்து 15 வயதில் அகதியாக நெதர்லாந்துக்குப் போனவர். 2023 ஏப்ரலில் தன் முதல் மரதனை லண்டனில் ஓடினார். பெருநாள் முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ரமழானில் நோன்பு நோற்றுக்கொண்டே அதற்குத் தயாரானவர். பாதி வழியில் இடுப்பு நோவெடுத்தது. நின்றார். முன்னால் போகிறவர்கள் போய்க்கொண்டே இருக்க, வீதியோரமாக நின்று இடுப்பையும் காலையும் நீட்டி மடக்கினார். பிறகு ஓடி, எல்லோரையும் பிடித்து, 2 மணி 18 நிமிடம் 33 வினாடியில் முதலாவதாக வந்தார். அடுத்த வருடம் பரிஸ் ஒலிம்பிக்கில் 5,000, 10,000 மீற்றர் இரண்டிலும் வெண்கலம் எடுத்துவிட்டு மரதனில் தங்கம் வென்றார். ஒரே ஒலிம்பிக்கில் இந்த மூன்றிலும் பதக்கம் எடுத்தவர் சாட்டோபெக்குக்குப் பிறகு அவர்தான். ஹிஜாப் அணிந்து அந்தத் தங்கத்தை அவர் வாங்கிய படத்தை இப்போது பழைய கடதாசி இருந்த இடத்தில் ஒட்டியிருக்கிறேன். உம்மாவுக்கும் காட்டினேன். உம்மா படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, “லண்டன்ல நின்டது இந்தப் புள்ளையா?” என்றார். தங்கத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நோவெடுத்ததும் நின்றதுதான் உம்மாவுக்குப் பிடித்திருந்தது.

இப்போது மறுபடி ஓடுகிறேன், அல்ஹம்துலில்லாஹ். இந்த வருடம் உயர்தரப் பரீட்சை, போட்டி இல்லை. கிழமையில் மூன்று நாள் மெதுவாக, ஒரு நாள் மட்டும் மதகுகளுக்கு நடுவில் ஆறு தடவை. என் மெதுவான ஓட்டத்துக்குப் பின்னால் வர மோட்டார் சைக்கிள் இசையவில்லை என்று வாப்பா இப்போது நடந்தே வருகிறார். அவருக்குச் சீனி வருத்தம் இருப்பதால் டொக்டர் சொன்ன நடையும் அதில் முடிந்துவிடுகிறது. இரவுச் சோறு பழைய அளவுக்கு வந்துவிட்டது. உம்மா கோப்பையைப் பார்த்துவிட்டுத்தான் எழும்புவார்.

விடுமுறைக்கு வந்தால் மேற்பிரிவுத் தங்கச்சியும் சில நாள் சேர்ந்து ஓட வருவாள். போன மாதம் அவள் புத்தகப் பைக்குள் இருந்து ஒரு கடதாசியை எடுத்துக் காட்டினாள். மாகாணத்தில் மூன்றாவதாக வந்ததால் அவளை ஒரு பயிற்சிக் குழுவில் எடுத்திருக்கிறார்கள். சிங்களத்தில் எழுதிய அட்டவணை. கிழமைக்கு நான்கு நாள், 400 மீற்றர், பன்னிரண்டு தடவை. பக்கத்தில் வினாடிகள். கிழமைக்குக் கிழமை குறைந்துகொண்டு போகும் வினாடிகள்.

“சேரு குடுத்தாருக்கா. இத அப்புடியே செய்யணுமாம்.”

எத்தனை கிழமை செய்தாய் என்று கேட்டேன். இரண்டு. கால் நோகிறதா? அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, “ராவுல மட்டும்” என்றாள்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் சொன்னேன். டொக்டர் சொன்னது, கிப்சோகே சொன்னது, சாப்ளே விலகிப் போனது. அவள் கவனமாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்: “அவரு பெரிய ஆளுக்கா, வேணாம்னு சொல்லிட்டுப் போயிருவாரு. நா சொன்னா டீம்ல இருந்து எடுத்துருவாங்க. சப்பாத்து வேற குடுத்திருக்காங்க.”

குனிந்து அவள் காலைப் பார்த்தேன். புதிய நீலச் சப்பாத்து. இவ்வளவு வாசித்தும் இந்த ஒன்றை நான் யோசித்திருக்கவில்லை. என்னை யாரும் அப்படி ஓடச் சொல்லவில்லை. நானாகத் தொடங்கினேன், நானாக நிறுத்தலாம். அவளுக்கு நிறுத்துவதற்கும் ஒருவரிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. அந்த சேர் கெட்டவர் என்று நினைக்கவும் எனக்கு மனம் வரவில்லை. சப்பாத்து வாங்கிக் கொடுத்த ஒருவர் அந்தப் பிள்ளை நன்றாக வர வேண்டும் என்றுதான் நினைத்திருப்பார். அவருடைய அலுமாரிக் கதவிலும் ஒரு கடதாசி ஒட்டியிருக்கலாம்.

அன்று கடைக்குக் கூட்டிக்கொண்டு வந்து, வாப்பாவின் பில் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, சிங்களத்தில் ஒரு கடிதம் எழுதினேன். இரவில் கால் நோகிறது, இரண்டு நாள் மட்டும் வேக ஓட்டம் ஓடட்டுமா, மற்ற நாட்களில் மெதுவாக ஓடினால் போதுமா என்று ஆறு வரி. கேட்பதுபோலத்தான் எழுதினேன், சொல்லிக்கொடுப்பதுபோல இருந்தால் அவளுக்குத்தான் ஏச்சு விழும். வாப்பா வாசித்துப் பார்த்து ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினார். அவள் அம்மாவின் கையொப்பத்துக்கு இடம் விட்டேன்.

அவள் அதை நான்காக மடித்துப் பென்சில் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு, லயத்துக்கு ஏறும் பாதையில் போனாள். புதுச் சப்பாத்தில் சேறு படாமல் புல்லோரமாக, மெதுவாக.